சுவரில் ஒரு சிவப்பு அட்டை

கிழக்குத் தெரு ஆரம்பப் பள்ளியில், ஆசிரியர்கள் காப்பி குடிக்கும் அறையின் ஒரு சுவருக்கு மட்டும் திரை போட்டிருந்தார்கள். பெற்றோர் வரும் நாளில் திரையை இழுத்து மூடிவிட வேண்டும். திரைக்குப் பின்னால் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அட்டைகளாகத் தொங்கினார்கள். மாநிலப் பரீட்சையில் எப்படியும் தேறிவிடுவார்கள் என்றால் பச்சை அட்டை. பின்னாலிருந்து கொஞ்சம் தள்ளினால் தேறுவார்கள் என்றால் மஞ்சள். தேற வழியே இல்லை என்றால் சிவப்பு. மூன்றாம் வகுப்பு வரிசையில் சிவப்புதான் அதிகம். கண்ணாடித் தொழிற்சாலை மூடிப்போன ஊரில் வேறு என்ன நிறம் வரும்?

வெர்னா சோபெக் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் காப்பி குடிப்பாள். அவள் அந்தப் பள்ளியின் வாசிப்பு டீச்சர். படிக்கத் திணறும் பிள்ளைகளைத் தன் சின்ன அறைக்குக் கூட்டிவந்து, பக்கத்தில் உட்காரவைத்து எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. படுமோசம் என்று பெயர் வாங்கிய பள்ளிகளுக்கு மாநிலம் தனியாகக் கொடுக்கும் பணத்தில் வந்த வேலை அது. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்றெல்லாம் அவள் யோசித்ததில்லை. பிள்ளை வருகிறதா, படிக்கிறதா, அவ்வளவுதான்.

டீலியா ஹாக்ஸ் மூன்றாம் வகுப்பு, சிவப்பு அட்டை. முன்பல் இரண்டும் விழுந்து, ஒன்று மட்டும் பாதி முளைத்திருந்தது. படத்தைப் பார்த்துக் கதை விடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. யாராவது ஒருமுறை படித்துக்காட்டினால் போதும், பக்கத்தைப் புரட்டிப் புரட்டி, விரலை வரியின்மேல் ஓட்டி, ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்துவிடுவாள். இரண்டு வகுப்பு டீச்சர்கள் ஏமாந்தார்கள். வெர்னா ஏமாறவில்லை. முதல் நாளே படத்தின்மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள். டீலியாவின் வாய் டக்கென்று நின்றுவிட்டது. அன்றிலிருந்து இருவருக்கும் அந்தக் கைதான் வேலை, அந்தக் கைதான் விளையாட்டு.

செப்டம்பரில் தொடங்கியது. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்த வாரத்தில் பலித்தது. ஒரு பூட்ஸைத் தொலைத்த பன்றியைப் பற்றிய மெல்லிய புத்தகம். வெர்னாவின் கை படத்தின்மேல். டீலியா வியர்த்து விறுவிறுத்து ஒவ்வொரு எழுத்தாக இழுத்தாள். "பன்றி... படி... படிக்கட்டுக்கு... அடியில்... இருக்கிறது."

டீலியாவே வெர்னாவின் கையைப் பிடித்துத் தூக்கிப் படத்தைப் பார்த்தாள். படிக்கட்டுக்கு அடியில் பன்றி இருந்தது.

"இருக்கு டீச்சர்! நெஜமாவே இருக்கு!"

படம் சொல்வதற்கு முன்னால் எழுத்து சொல்லிவிட்டதில் அந்தப் பிள்ளைக்கு வந்த சிரிப்பைப் பார்த்து வெர்னாவும் சிரித்துவிட்டாள். இதற்காகத்தானே இந்த வேலைக்கு வந்தோம் என்று நினைத்தாள்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை டாக்டர் கிங்கேட் வந்தார். நகரத்துப் பள்ளிகள் அனைத்துக்கும் தலைமை அதிகாரி. ஒரு தலைவலிக்குக்கூட மருந்து எழுதத் தெரியாத டாக்டர். காப்பி அறையில் எல்லோரையும் கூட்டிவைத்து, திரையை விலக்கி, சட்டைக்கையை மடித்துக்கொண்டு பேசினார்.

"பச்சையைத் தொடாதீங்க, அது தானா நடக்கும். சிவப்பையும் தொடாதீங்க, வருத்தம்தான், ஆனா நேரமில்ல. பரீட்சை வரைக்கும் மஞ்சள் மட்டும். பஸ் ஸ்டாப்புல நிக்கிறவங்களை ஏத்திக்கிட்டுப் போவோம். இன்னும் வீட்டுல பல்லு விளக்கிட்டு இருக்கிறவங்களுக்காக பஸ் நிக்குமா?"

"எங்க ஊர்ல நிக்கும் டாக்டர்," என்றாள் வெர்னா. "டிரைவர் ஹார்ன் அடிச்சுக் கூப்பிடுவார்."

சிரிப்பு எழுந்தது. டாக்டரும் சிரித்தார். "அதனாலதான் உங்க ஊரு எல்லாத்துக்கும் லேட்டு," என்றார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் தலைமையாசிரியை பாம் ரட்லெட்ஜ் வெர்னாவின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பாமின் இரண்டாவது கல்யாணத்துக்கு கேக் செய்தவள் வெர்னா.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா நீ?"

"டீலியாவை நான் விட மாட்டேன் பாம். இப்பத்தான் எழுத்தைப் புடிச்சிருக்கா. இப்ப விட்டா, போன சுவடு தெரியாம போயிரும்."

"அவ ஏப்ரல்ல பாஸ் பண்ணுவாளா?"

"மாட்டா. அடுத்த வருஷம் பண்ணுவா."

"அடுத்த வருஷம் ஸ்கூல் இருந்தாத்தானே? ரெண்டு வருஷமா நம்ம ஸ்கூலுக்கு 'டி' கிரேடு. மாநிலம் நமக்கு மூணாவது தடவையும் 'டி' போட்டா மூடிருவாங்க. பிள்ளைங்களை ஆத்துக்கு அந்தப்பக்கம் பஸ்ல அள்ளிட்டுப் போவாங்க. அப்ப உன் டீலியாவுக்கு யார் இருக்கா? சொல்லு." பாமின் குரல் தணிந்தது. "பரீட்சை முடியட்டும். மறுநாளே கூட்டிக்கோ. நான் கேக்க மாட்டேன்."

வெர்னா பள்ளியை நினைத்தாள். கூடவே, இன்னும் இரண்டு வருடத்தில் வரவேண்டிய ஓய்வூதியத்தையும், புருஷன் ஸ்டானின் இருதய மாத்திரைகள் தன் வேலையின் காப்பீட்டில் வருவதையும் நினைத்தாள். எதை முதலில் நினைத்தோம் என்று பிற்பாடு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் தெரிந்ததால்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். எப்படியோ, சரி என்றுவிட்டாள்.

டீலியாவிடம் சொல்வதுதான் பெரும்பாடாய்ப் போயிற்று.

"கொஞ்ச நாளைக்கு லீவு, கண்ணு. பெரிய பரீட்சை முடியற வரைக்கும். அப்புறம் நீதான் முதல்ல."

டீலியா பன்றிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "நான் தப்பாப் படிச்சேனா?"

"இல்லடா. நீ நல்லாப் படிச்ச."

"அப்புறம் ஏன்?"

வெர்னா தன் சுண்டுவிரலை நீட்டினாள். டீலியா தன் சுண்டுவிரலை அதில் கோத்தாள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது. புத்தகத்தை நீயே வைத்துக்கொள் என்று கொடுத்தனுப்பினாள்.

அந்த நாற்காலியில் மஞ்சள் அட்டைப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். பாவம், அவர்கள்மேல் குற்றமில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே படிக்கத் தெரியும். வெர்னா அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது படிப்பை அல்ல. நான்கு விடைகளில் அசட்டு விடை எது, அதை எப்படித் தள்ளுவது, மீதியில் எதை ஊகிப்பது என்ற தில்லுமுல்லு. அதைச் சொல்லிக்கொடுப்பதிலும் அவள் கெட்டிக்காரியாகத்தான் இருந்தாள். அது அவளுக்கே கசந்தது.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் மீன் வறுவல் விருந்து நடக்கும். தட்டை ஏந்தி வரிசையில் நின்ற வெர்னாவுக்குப் பின்னால் டீலியாவின் அப்பா வெய்ன் ஹாக்ஸ் வந்து நின்றான். பழுதான வண்டிகளை இழுத்துப்போகும் லாரி ஓட்டுபவன். நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

"டீச்சர், எம் பொண்ணு என்ன தப்பு பண்ணுனா?"

"ஒண்ணும் பண்ணல வெய்ன். டைம் டேபிள் மாறிடுச்சு."

"ஜனவரில லாரில என் பக்கத்துல உக்காந்து ரோட்டுல இருக்கற போர்டு ஒண்ணு விடாம படிச்சா. டயர் கடை, நாய் டாக்டர், எல்லாம். நிறுத்துடின்னாலும் நிறுத்தல. இப்ப காலைல எழுந்தா வயித்துவலிங்கறா. போர்டு வந்தா வேற பக்கம் பாக்கறா."

"பரீட்சை முடிஞ்சதும் நான்—"

"பரீட்சை யாருக்கு டீச்சர், அவளுக்கா, உங்களுக்கா?"

வரிசை நகர்ந்தது. பரிமாறுகிற அம்மாள் கோஸ் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் வெர்னா. மீனும் இறங்கவில்லை.

ஏப்ரலில் பரீட்சை வந்தது. கணினி அறையில் முதலில் முடித்து எழுந்தவள் டீலியாதான். எல்லாக் கேள்விக்கும் முதல் விடையையே தட்டிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கூட்டிக்கொள்ளலாம் என்று பாம் சொன்ன மறுநாள் வந்தது. ஆனால் மயிரிழையில் தவறிவிடுவார்களோ என்று பயந்த மஞ்சள்களுக்குக் கோடையில் மறுபரீட்சை உண்டாம். அதற்கும் தயார் செய்யச் சொல்லி டாக்டரிடமிருந்து உத்தரவு வந்தது. பாம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெர்னா தாழ்வாரத்தில் டீலியாவை நிறுத்தி, "ஸ்கூல் திறந்ததும் கண்டிப்பா," என்றாள். டீலியா "சரி" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் உயர்நிலைப் பள்ளி அரங்கத்தில் நகரத்து ஆசிரியர்கள் அத்தனை பேரையும் கூட்டினார்கள். வாசலில் ஆளுக்கொரு பச்சைப் பனியன் கொடுத்தார்கள். "நாம் ஏறினோம்" என்று நெஞ்சில் பெரிதாக அச்சடித்திருந்தது. கிழக்குத் தெருப் பள்ளிக்கு இந்த வருடம் 'சி'. மேளம் அடித்தார்கள். பள்ளி வாரியத்தின் தலைவர் டாக்டர் கிங்கேட்டைக் கட்டிப்பிடித்தார். டாக்டர் மைக்கைப் பிடித்து, பெரிய நகரம் ஒன்று தன்னை அழைத்திருக்கிறது, கனத்த மனத்தோடு போகிறேன் என்றார். அவர் மனம் கனத்தது போல யாருக்கும் தெரியவில்லை. வெர்னாவும் கை தட்டினாள். ஸ்கூல் தப்பித்ததே, டீலியாவை இனிக் கூட்டிக்கொள்ளலாமே என்று உண்மையான சந்தோஷத்தோடுதான் தட்டினாள்.

கார் நிறுத்துமிடத்தில் பாம் அவளைப் பிடித்தாள். பனியனைச் சட்டைக்கு மேலேயே மாட்டியிருந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

"வெர்னா, உன் வேலை போச்சு."

"என்ன உளர்ற?"

"அந்தப் பணம் ஃபெயிலாகுற ஸ்கூலுக்குத்தான். நாம இப்ப ஃபெயில் இல்ல. வாசிப்பு டீச்சர் கிடையாது. உன்னை நடுநிலைப் பள்ளிக்கு மாத்திருக்காங்க. சாப்பாட்டுக் கூடத்தையும், தண்டனைக்கு உக்கார வெக்கிற பிள்ளைங்களையும் பாத்துக்கணும். சம்பளம், காப்பீடு, எல்லாம் அப்படியே."

வெர்னா கார் கதவைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நாம 'டி' வாங்கியிருந்தா?"

"நீ இருந்திருப்ப."

"ஸ்கூலை மூடிருவாங்கன்னு சொன்னியே."

"மூடுவாங்கன்னு சொன்னது டாக்டர்." பாம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து வாரியத்துல கேட்டேன். அப்படி ஒரு பேச்சே வந்ததில்லையாம்."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே எட்டியதைத் தட்டிவிட்டது வெர்னாதான். வீட்டுக்குப் போய் அந்தப் பனியனைக் குப்பையில் போட்டாள். ஸ்டான் பார்த்துவிட்டு, புதுசாச்சே, கார் துடைக்க ஆகுமே என்று எடுத்து வைத்துக்கொண்டான்.

பள்ளி திறந்த அன்று காலை, தன் அறையைக் காலி செய்ய வெர்னா கிழக்குத் தெருவுக்குப் போனாள். புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. டீலியா நின்றாள். கோடையில் நன்றாக வளர்ந்திருந்தாள். பல் இரண்டும் முழுதாக முளைத்திருந்தன. பரீட்சையில் தேறாததால் மறுபடியும் மூன்றாம் வகுப்பு. கையில் பன்றிப் புத்தகம், ஓரமெல்லாம் மடங்கிப்போய்.

"ஸ்கூல் தொறந்தாச்சு டீச்சர்," என்றாள்.

வெர்னா நாற்காலியை இழுத்துப்போட்டாள். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. டீலியா உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். விரலை வரியின்மேல் வைத்து ஏற்ற இறக்கத்தோடு படித்தாள். தங்குதடையில்லை. பன்றி பூட்ஸைத் தொலைத்தது, பன்றி வேலியோரம் தேடியது, பன்றி படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. விரல் இரண்டாம் வரியில் இருந்தபோது வாய் நான்காம் வரியில் இருந்தது. கண் ஒருமுறைகூட எழுத்தின் பக்கம் போகவில்லை. படத்திலேயே இருந்தது.

வெர்னாவின் கை மேசையிலிருந்து எழுந்தது. மூடிவிட்டு என்ன செய்ய? நாளைக்கு யார் மூடுவார்கள்? நாளை மறுநாள்? கை பாதியில் நின்று, பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

டீலியா கடைசிப் பக்கம்வரை போய் முடித்தாள்.

"ரொம்ப நல்லாப் படிச்ச, கண்ணு," என்றாள் வெர்னா.

டீலியா புத்தகத்தை மூடவில்லை. வெர்னாவின் முகத்தையும், பெட்டியைப் பிடித்திருந்த கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க கையை வெக்கவே இல்லையே டீச்சர்."