எட்டும் சிவப்பு

செங்கல்பட்டு ஜவுளிக்கடையில் நாற்பது வருஷம் துணி கிழித்த அப்துல் கையூமின் விரல்களுக்குக் கண் உண்டு. தொட்ட மாத்திரத்தில் நூலின் பாட்டன் பேரைச் சொல்லிவிடுவார். ஓய்வுபெற்றதும் அந்த விரல்களுக்கு ஓர் ஆசை வந்தது: இந்த ஊர் வெயிலில் பட்டு மாதிரி கம்பளி விளைவிப்பது. நம்மூர்ச் சிவப்புச் செம்மறிக்கு மேலே இருப்பது கம்பளியா? தேங்காய் நார். ஊட்டியிலிருந்து அவர் லாரியில் இறக்கிய வெள்ளைக் கிடாவின் ரோமமோ, ஊதினால் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் போய்ச் சேரும்.

கோவளத்து வீட்டில் இடமில்லாததால், கிடாவும் அதற்காக அவர் வாங்கிய எட்டு நாட்டுப் பெட்டை ஆடுகளும் செங்கல்பட்டுக்கு வெளியே ஏசுபாதத்தின் கொட்டகையில் தங்கின. பள்ளிக்கூட நாளிலிருந்தே இருவரும் மச்சான் மச்சான்தான். அங்கே ஏசுபாதத்தின் சொந்தக் கிடாவும் உண்டு. சிவப்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அது பெட்டைகளோடு சேராதபடி வயிற்றுக்கடியில் கோணித்துண்டு கட்டப்பட்டது. அவிழ்க்க மாட்டேன் என்று ஏசுபாதம் பைபிள்மேல் கை வைத்தார்.

மென்மை தாயிடம் பாதி, தகப்பனிடம் பாதி வரும், மெல்லியதாகப் பார்த்துப் பொறுக்கினால் ஐந்தாறு தலைமுறையில் பலன் தெரியும் என்று கால்நடை டாக்டர் சுஜாதா சொல்லியிருந்தார். கையூம் பஸ் ஏறுவதற்குள் ஆறாம் தலைமுறைக்கே போய்விட்டார். மோதிரத்துக்குள் நுழையும் சால்வை என்று மனைவி ஃபக்ருன்னிசாவுக்கு வாக்குக் கொடுத்தார். அவர் பேச்சைக் கேட்டு, கோவளத்துக் கரையில் மீன் ஏலம் கேட்க வந்தவர்கள்கூட இரண்டு நாள் கம்பளி விலை விசாரித்தார்கள்.

ஐந்து மாதம் தினமும் போன். தினமும் ஏசுபாதத்திடமிருந்து அதே பதில்: "ஆடுங்களுக்கு வயிறு நல்லா எறங்கிக்கீது மச்சான்."

எட்டுக் குட்டிகள் பிறந்தன. எட்டும் சிவப்பு. எட்டின் நெற்றியிலும் பொட்டு. கையூம் தடவிப் பார்த்தார். நார். சுஜாதா சிரிப்பை அடக்கிக்கொண்டு, வெள்ளைக் கிடாவுக்குப் பிறந்தால் பெரும்பாலும் வெள்ளைதான் வரும், எட்டும் சிவப்பென்றால் தகப்பன் வேறு என்று சொல்லிவிட்டுப் போனார். தகப்பன் எதிரிலேயே நின்று அசைபோட்டது. கோணித்துண்டு ஆணியில் தொங்கியது.

ஏசுபாதம் ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

"இன்னா பண்ணச் சொல்ற மச்சான்? உன் வெள்ளக் கிடா வெயிலு தாங்காம நாக்கத் தொங்கப்போட்டுகினு கெடந்துச்சு. ஒரு ஆட்டக்கூடத் திரும்பிப் பாக்கல. நீயோ ஆசையா கேட்டுகினே இருந்த. அதான் அவுத்துட்டேன்."

கிடா தோற்றதைக் கையூம் பொறுத்திருப்பார். அந்த நூற்றைம்பது போன்களைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஃபக்ருன்னிசாவை எழுப்பி வயிறு இறங்கிய சேதி சொன்னவர் அவர்.

எழுந்து வேட்டியை உதறினார்.

"நாளைக்கு வண்டி கொண்டாரேன். ஆட்டையெல்லாம் ஏத்திக் குடுத்துடுங்க, ஏசுபாதம்."

ஆடுகளை எங்கே கட்டுவது என்று அவருக்கே தெரியாது. ஏசுபாதத்துக்கும் அது தெரியும். ஆனால் அவர் கேட்டது வேறு.

"இன்னாடா புதுசா 'ங்க'ன்ற?"

கையூம் திரும்பவில்லை. பஸ் வரும்வரை சட்டைப்பையில் கிடந்த வெள்ளை ரோமத்தை விரல்கள் உருட்டிக்கொண்டே இருந்தன. இத்தனை மெல்லியதை அவர் ஆயுசில் தொட்டதில்லை.