எதிராளிக்குக் கொடுத்த இரவு

சிலி நாட்டின் எல்கி பள்ளத்தாக்குக்கு மேலே, தொலைநோக்கி நின்ற அந்த மலையை நான்கு நாளாக மேகம் மூடியிருந்தது. கடல் சூடேறி மழை கொட்டும் எல் நினோ வருஷம் அது. ஆண்டு முழுக்கக் காய்ந்து கிடக்கும் மலைகூட அந்தக் குளிர்காலத்தில் நனைந்திருந்தது. தொலைநோக்கியின் கூரையைத் திறக்க வழியில்லாமல் மிரேயா கார்வஹால் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை, பிய்த்துக்கொண்டிருந்தாள்.

தலைநகர் சந்தியாகோவில் பேராசிரியை. பல வருஷமாக அவளும் அவளுடைய சின்னக் குழுவும் வெடிக்கிற நட்சத்திரங்களைத் தேடிப் பிடித்து அளந்துவந்தார்கள். அவற்றில் ஒரு வகை உண்டு. எங்கே வெடித்தாலும் ஏறக்குறைய ஒரே பிரகாசம். எவ்வளவு மங்கலாகத் தெரிகிறதோ அவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். பிரபஞ்சம் விரிகிறது என்பது பழைய செய்தி. அதற்குள் இருக்கும் அத்தனையும் ஒன்றையொன்று இழுப்பதால் அந்த விரிவு மெல்ல மெல்லத் தளரவேண்டும் என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தார்கள். எவ்வளவு தளர்கிறது என்று அளக்கக் கிளம்பியவள்தான் மிரேயா. தளரவே இல்லை. தொலைதூர வெடிப்புகள் இருக்கவேண்டியதைவிட மங்கலாக இருந்தன. அதாவது, இன்னும் அதிக தூரத்துக்குப் போயிருந்தன. விரிவு வேகமெடுத்துக்கொண்டிருந்தது.

தன் கணக்கில்தான் கோளாறு என்று ஒரு வருஷம் அதைக் குடைந்தாள். கோளாறு கிடைக்கவில்லை. பிறகு, மனசில்லாமல், ஒரு கூட்டத்தில் சொன்னாள். முதல் ஆளாக எழுந்தவன் லவுத்தாரோ ஒசந்தோன். கல்லூரியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பிடிக்கும் கேமரா கட்டுவதில் கெட்டிக்காரன். "மிரேயா, உன் நட்சத்திரம் தூரத்துல இல்ல. நடுவுல தூசி இருக்கு. தூசி மறைச்சா எதுவும் மங்கலாத்தான் தெரியும்" என்றான். அரங்கம் சிரித்தது. அன்றிலிருந்து எந்த ஊர்க் கூட்டத்துக்குப் போனாலும் அவளுக்குத் தூசி விசாரணைதான்.

"டாக்டர்!" யாஸ்னா ஓடிவந்தாள். முனைவர் பட்டம் முடித்து மிரேயாவிடம் சேர்ந்திருந்தவள். "இன்னைக்கு ராத்திரி வானம் தெளியுதாம். நம்ம வெடிப்பு மங்கிக்கிட்டே வருது, நாளைக்கு நிலாவும் பக்கத்துல வந்துடும். இதுதான் கடைசி ராத்திரி. கேமராவ மாட்டச் சொல்லட்டுமா?"

மிரேயா ரொட்டியை வைத்தாள்.

"மாட்டச் சொல்லு. ஆனா நம்ம கேமரா இல்ல. லவுத்தாரோவோடது."

அவன் தன் முறைக்காக அப்போது அதே மலையில்தான் காத்திருந்தான். யாஸ்னாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவரு கையில கத்தியையும் கொடுத்து, கழுத்தையும் நீட்டுறீங்களா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு மிரேயா எழுந்து போனாள்.

தட்டியதும் லவுத்தாரோ காலுறையோடு வந்து கதவைத் திறந்தான். விஷயத்தைக் கேட்டவன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னடி, மலைக்காத்து தலைக்கேறிடுச்சா? உன் ராத்திரிய எனக்கு எதுக்குத் தர்ற?"

"தூசி நீல ஒளியத்தான் நிறைய மறைக்கும். அகச்சிவப்ப அவ்வளவா மறைக்காது. நீதான சொல்லிக்கிட்டுத் திரியுற? உன் கேமராவுல என் வெடிப்பு பளிச்சுன்னு தெரிஞ்சா நீ ஜெயிச்ச. அதுலயும் அதே மங்கல்தான்னா..."

"இருக்காது."

"பாத்துடுவோமே."

"கேமராவ மட்டும் வாங்கிட்டுப் போயி நீயே பாத்துக்கலாமே?"

"நான் பாத்தா எனக்கு வேண்டியதுதான் கண்ணுல படும். நீ என்னைத் தோக்கடிக்கணும்னே பாப்ப. உன்ன மாதிரி அக்கறையா வேற யாரு பாப்பாங்க?"

அவன் சிரிக்கவில்லை. "தப்புன்னு வந்தா உன் இத்தன வருஷ உழைப்பும் போச்சு, மிரேயா."

"போகட்டும். தப்பான பிரபஞ்சத்த வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்?"

சூரியன் கடல்பக்கத்து மூடுபனிக்குள் இறங்கும்போது கூரை திறக்கும் சத்தம் கேட்டது. அவள் மேலே போகவில்லை. போனால் அவன் தோளுக்கு மேலே எட்டிப்பார்ப்பாள், அவன் எரிந்துவிழுவான். படுத்தாள். தூக்கம் வரவில்லை. தூசியாகவே இருந்தால் மாணவர்களிடம் என்ன சொல்வது என்று யோசித்தாள். 'தப்பு என்னுடையது' என்று சொல்லிவிடலாம் என்று முடிவானதும் மனசு லேசானது.

மறுநாள் மதியம் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். சோளமும் பூசணியும் மிதக்கும் சூடான கஸுவேலா சூப். லவுத்தாரோ சவரம் செய்யாத முகத்தோடு உள்ளே வந்தான். யாரையும் பார்க்கவில்லை. கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு மிரேயாவுக்கு எதிரே உட்கார்ந்தான். பத்துப் பதினைந்து பேர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். அவன் ஒரு வாய் குடித்தான்.

"உப்பு கம்மி."

"லவுத்தாரோ, அடிபடுவ."

அவன் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. "தூசி இல்ல."

அவளுக்குக் காது அடைத்தது. "என்ன சொன்ன?"

"தூசி இல்லன்னேன். விடியிற வரைக்கும் உன்னத் திட்டிக்கிட்டே பாத்தேன். விடிஞ்சப்புறம் திருப்பித் திருப்பிக் கணக்குப் போட்டேன். தூசியா இருந்தா என் கேமராவுல மங்கல் குறைஞ்சிருக்கணும். துளி குறையல. அந்தச் சனியன் நிஜமாவே தூரத்துலதான் இருக்கு. நீ சொன்ன அதே தூரத்துல."

மிரேயா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் யாஸ்னா ஓவென்று அழுதேவிட்டாள்.

"ஒண்ணு போதாது, இன்னும் நாலஞ்சு பாக்கணும்" என்றாள் மிரேயா ஒருவழியாக.

"பாப்போம். சேந்தே பாப்போம். ஆனா எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

யாஸ்னா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "அப்போ கடைசியில எல்லாமே விலகிப் போயிடுமா டாக்டர்?"

"இப்படியே வேகமெடுத்தா, தூரத்து நட்சத்திரக் கூட்டங்கள் ஒவ்வொண்ணா கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போயிடும். நம்ம நட்சத்திரக் கூட்டம் மட்டும் இருட்டுல தனியா நிக்கும்."

"வருத்தமா இல்லையா உங்களுக்கு?"

மிரேயா யோசித்தாள். உள்ளே தேடிப் பார்த்தும் வருத்தம் அகப்படவில்லை. "அன்னைக்கு யாராவது இருந்தா, வெளியில ஒண்ணுமே இல்லன்னு சத்தியம் பண்ணுவாங்க. எவ்வளவு பெரிய தொலைநோக்கி கட்டினாலும் கண்டுபிடிக்க முடியாது. நாம எல்லாம் தெரியுற காலத்துல வந்திருக்கோம் யாஸ்னா. அது போறதையும் கையும் களவுமா பிடிச்சுட்டோம்!"

கடைசி வார்த்தைகளை அவள் கத்தினாள். எப்போது எழுந்து நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

லவுத்தாரோ சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்தான். அவள் பாய்ந்து போனாள். "ஏய், என் கண்டுபிடிப்பு. நான் சொல்றேன்."

"நீ ரெண்டு வருஷமாச் சொல்ற, யாரு நம்புனா? நான் சொன்னாத்தான் நம்புவாங்க. என்னை மாதிரி உன்ன எதிர்த்தவன் வேற யாரு இருக்கான்?" எண்ணைச் சுழற்றினான். கூட்டங்களில் அவனோடு சேர்ந்து அவளைக் கேலி செய்த வெளிநாட்டு நண்பர் எடுத்தார். லவுத்தாரோ ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு அலறினான்: "தூசி இல்லய்யா! ஆமா, நானேதான் பாத்தேன்! அவ சொன்னது சரி! உக்காந்துக்கிட்டுக் கேளு!"

கூடம் முழுக்கக் கரண்டிகள் மேசையைத் தட்ட ஆரம்பித்தன. சமையல்கட்டிலிருந்து பாத்திரத்தைத் தட்டினார்கள். நேற்றிலிருந்து ஒழுங்காக ஒரு வாய் சாப்பிடாதது மிரேயாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இரைச்சலுக்கு நடுவே தன் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, இரண்டாவது கிண்ணத்துக்கும் கையை நீட்டினாள்.