சுவருக்கு அந்தப் பக்கம்

"பாத்துண்ணே, படி இருக்கு" என்றாள் பக்கத்து வீட்டுத் தையல்காரப் பெண். நாற்காலியின் முன்கால்களைப் பிடித்தபடி அவள் பின்னோக்கி நடந்தாள். முதுகுப் பக்கத்தை லாரி டிரைவர் தாங்கியிருந்தார். நடுவில், போர்வைக்குள் அவர் மனைவி.

"மூட்டை ஏத்துற மாதிரி ஏத்தாதீங்க. நான் உடையுற சரக்கு" என்றாள் மனைவி. சிரிக்கப் பார்த்தாள். மூச்சு இடம் கொடுக்கவில்லை.

காலையில் வந்த டாக்டர் அவரை வாசலுக்குக் கூட்டிப்போய், "அவங்க என்ன கேட்டாலும் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். உள்ளே வந்து கேட்டதற்கு அவள் சாப்பிட எதுவும் கேட்கவில்லை. முல்லையைப் பார்க்க வேண்டும் என்றாள். தையல்காரப் பெண் ஒரு கை நிறையப் பறித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "பறிச்சது வேணாம்மா. கொடியில பாக்கணும்."

அவர் தூரத்து லோடு ஓட்டத் தொடங்கிய வருடம் அவள் நட்ட கொடி அது. இவர்கள் வீட்டுப் பின்கட்டில் வெயிலே எட்டிப் பார்க்காது. கொடி சுவரில் ஏறி, அந்தப் பக்கம் வெளிச்சத்தைக் கண்டதும் தாவிவிட்டது. வேரும் விரல் பருமன் தண்டும் இங்கே, பூவெல்லாம் அங்கே. உரம் வைத்ததும் தண்ணீர் ஊற்றியதும் இவள்தான். எங்கிருந்தாவது அவர் போன் செய்து "பூத்திருக்கா?" என்று கேட்டால், "வாசனை வருது" என்பாள். எங்கோ முன்பின் தெரியாத ஊரில், யார் வீட்டு வேலியிலிருந்தோ அதே வாசனை காற்றில் வரும். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். வீடு அங்கிருந்து இரண்டு நாள் தூரம் இருக்கும்.

அவள் நோயில் படுத்த பிறகுதான் லாரிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தார். வந்ததும் முதல் வேலையாக இரண்டு இளங்கொடிகளை இந்தப் பக்கம் இழுத்து ஆணியில் கட்டினார், அவள் படுக்கையிலிருந்தே பார்க்கட்டும் என்று. சில நாளிலேயே இரண்டும் நுனியைத் திருப்பிக்கொண்டு சுவருக்கு மேலே போய்விட்டன.

"விடுங்க. வெயில் எங்கயோ அங்கதான் போகும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உங்கள மட்டும் நான் கட்டியா வச்சேன்?" என்றாள்.

அவர் ஆணியைப் பிடுங்கிப் போட்டார்.

தையல்காரப் பெண்ணின் முற்றத்தில் நாற்காலியை இறக்கிவிட்டு டிரைவர் நிமிர்ந்தார். செங்கல்லே தெரியாமல் சுவர் முழுக்கப் பச்சை. பொழுது சாய்கிற நேரம். மொட்டுகள் ஒவ்வொன்றாக வாய் திறந்துகொண்டிருந்தன.

"இவ்வளவா?" என்றார்.

"எல்லாம் அக்கா சொல்லித்தான். பூத்து ஓஞ்சதும் வெட்டி விடச் சொல்வாங்க. எனக்கு மனசே வராது. ஆனா வெட்டினாத்தான் இப்படி வருது" என்ற தையல்காரப் பெண், தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

மனைவி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வைக்குள்ளிருந்து அவள் கை நீண்டு அவர் கையைத் தேடிப் பிடித்தது. பிறகு விட்டது.

"மேல அந்தக் கயிறு... தண்டு பெருத்துடுச்சு, இறுக்குது. கொஞ்சம் தளர்த்தி விடுங்களேன்."

தையல் மெஷின் அருகே கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். ஸ்டியரிங் பிடித்துத் தடித்த விரல்கள். முடிச்சு லேசில் பிடிபடவில்லை.

"இதுவா?"

"பக்கத்துல."

"இப்போ?"

"ம்."

"இன்னும் கொஞ்சம் விடட்டுமா?"

பதில் இல்லை. இலைகளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டே மறுபடி கேட்டார். பின்னால் தையல்காரப் பெண் வரும் காலடிச் சத்தம் கேட்டது. பாதி முற்றத்தில் அது நின்றது. தண்ணீர்ச் சொம்பை அவள் மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"அண்ணே, இறங்கி வாங்க."

அவர் திரும்பவில்லை. அடுத்த கொடியின் கயிறும் இறுகித்தான் கிடந்தது. அந்த முடிச்சுக்குள் நகத்தை நுழைத்து, மெல்ல நெம்பத் தொடங்கினார்.