பதினைந்தாவது மட்டை

தன்னால் முடியாத காரியம் திருவண்ணாமலையில் எதுவும் இல்லை என்பது எங்கள் மாமா புகழேந்தியின் நம்பிக்கை. தீபத்துக்கு லாட்ஜில் ரூம் கிடைக்கவில்லையா, பக்கத்து வீட்டுக்காரன் வாய்க்கால் மேல் சுவர் எழுப்புகிறானா, எதுவானாலும் அவரிடம் ஒரே பதில்தான். "நீ போ, நான் பேசிக்கறேன்." பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருப்பதால் ஊரில் எல்லா முகமும் அவருக்குத் தெரியும். செல்வாக்கு என்று இருந்தது அவ்வளவுதான். பாதி நேரம் அவர் பேசியும் ஒன்றும் நடக்காது. அதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

அவர் என் அக்கா மதிவதனியின் கணவர். நான் வளவன். கோல்ஃப் ஆடுவதுதான் என் தொழில். இப்படிச் சொன்னால் இந்த ஊரில் வரும் அடுத்த கேள்வி, "அது சரி, வேலை எங்க?" பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் இதையே கேட்டார்கள். மூன்றாவது வீட்டுக்கு நான் போகவில்லை.

அப்பா கருப்பன் சென்னையில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். பள்ளி விட்டதும் நான் அங்கே போய்ப் பெரிய மனிதர்களுக்குப் பை தூக்குவேன். ஒரு நாள் ஒரு வக்கீல் பந்தைக் குட்டையில் அடித்துவிட்டு, அந்த ஆத்திரத்தில் மட்டையை மரத்தில் ஓங்கி அடித்தார். மட்டை உடைந்தது. அப்பா அதைப் பொறுக்கி வந்து, உடைந்த இடத்தில் அறுத்துச் சமமாக்கி, சைக்கிள் டியூபைச் சுற்றி என் கையில் கொடுத்தார். முழங்கால் உயரமே இருந்த அந்தக் கட்டை மட்டையில்தான் ஆடக் கற்றேன். பிறகு பதினெட்டு வருடம் நாடு முழுக்கப் போட்டிகள் ஆடினேன். ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. ஆனால் பிழைத்தேன். முதல் இரண்டு நாளிலேயே பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடும் விளையாட்டு இது. மிச்சம் நிற்பவனுக்குத்தான் சம்பளம். பெரும்பாலும் நான் நின்றேன்.

அப்பா போன பிறகு எனக்கு வீடு என்றால் வேங்கிக்காலில் அக்கா வீட்டு மாடி அறைதான். கட்டை மட்டையை மாமா தன் சாமி அறைக்குக் கொண்டுபோய்விட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குச் சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்குக் கடை மிஷினோடு சேர்த்து அதற்கும் ஒரு முழம் பூ. சும்மா சொல்லக் கூடாது, நான் செய்வதும் ஒரு தொழில் என்று இந்த ஊரில் மதித்த ஒரே ஆள் மாமாதான். அதனால்தான் நடந்ததை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

போன வருடம் இடுப்பு வலி வந்து பாதிப் போட்டிகளை விட்டேன். பெரிய போட்டிகளில் ஆடும் உரிமை போய்விட்டது. அதைத் திரும்ப வாங்க ஒரே வழி, தகுதிச் சுற்று. நான்கு நாள் ஆட்டம், முதல் முப்பது பேருக்கு இடம். எனக்கு வயது முப்பத்தொன்பது. இடுப்பைப் பார்த்த டாக்டர், இன்னும் ஒரு வருடம் தாங்கும், அதற்கு மேல் ஆசைப்படாதே என்றார். "இதுல போச்சுன்னா அத்தோட முடிஞ்சுதுக்கா" என்று அக்காவிடம் சொன்னேன். அடி அண்ணாமலைப் பக்கம் காய்ந்து கிடந்த ஏரிக்குள் இரண்டு மாதம் தினமும் விடியற்காலையில் போய்ப் பந்தடித்தேன். ஆடு மேய்க்க வந்தவர், "ஏம்பா, உன்கூட ஆடறவன் எங்க?" என்று தினமும் கேட்பார். வருவான் என்பேன்.

பெங்களூருக்கு வெளியே இருந்தது மைதானம். இரண்டாம் நாள் முடிவில் நான் ஒன்பதாவது இடம். மனசு கேட்காமல் மாமாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். மறுநாள் கொஞ்சம் சறுக்கி இருபத்தெட்டாவது இடத்துக்கு இறங்கினேன், ஆனாலும் முப்பதுக்குள்தான். சாயங்காலம் லாட்ஜுக்குத் திரும்பினால் வாசலில் மாமா நிற்கிறார். ஒரு கையில் அக்கா கட்டிக்கொடுத்த புளிசாதம், தோளில் ஒரு பெரிய பை.

"கோயில்ல உன் பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டு நேரா வரேன் மச்சான். நீ குளிச்சிட்டு வா, விபூதி வெச்சி வுடறேன்" என்றார்.

குளித்துவிட்டு வந்தபோது என் மட்டைப் பையின் மேல் கை வைத்துக் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்தேன். எனக்குக்கூடக் கண் கலங்கியது. காலையில் கல்யாண ஃபிளெக்ஸ் ஒன்று டெலிவரி இருக்கிறது என்று முதல் பஸ்ஸுக்கே கிளம்பிப் போய்விட்டார்.

கோல்ஃபில் ஒருவன் பையில் பதினான்கு மட்டைகள்தான் இருக்கலாம். ஒன்று கூடினாலும் தண்டனை உண்டு. ஆட்டம் முடிந்ததும் எண்ணிப் பார்த்து ஜிப் போட்டுவிடுவது என் வழக்கம். அன்றும் எண்ணித்தான் போட்டேன். காலையில் மறுபடி எண்ணவில்லை. சட்டப்படி தப்பு என்னுடையதுதான். அதை நான் எங்கேயும் மறுக்கவில்லை.

கடைசி நாள் முதல் இரண்டு குழிகளும் அருமையாகப் போயின. மூன்றாவதற்குப் போய் நின்றபோது லேசாகத் தூறியது. என் பையைத் தூக்கிவந்த காசி, துண்டு எடுக்கப் பைக்குள் கைவிட்டான். புல்லின் மேல் ஓர் எலுமிச்சம்பழம் உருண்டு விழுந்தது. அவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். நானும் எட்டிப் பார்த்தேன். நீள மட்டைகளுக்கு நடுவே, அடி ஆழத்தில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு என் கட்டை மட்டை.

"அண்ணா, துண்டப் போட்டு மூடிடறேன்" என்றான் காசி மெதுவாக. "யாரும் பாக்கல. அந்தப் புதர்ல சொருகிட்டு வந்துட்டா மேட்டர் முடிஞ்சிது."

உண்மைதான். என்னோடு ஆடிய பிரசாத் தள்ளி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். இருபது வயதுப் பையன். நடுவர் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. குறைந்த அடியில் முடிப்பவன் மேலே வரும் ஆட்டம் இது; ஆடி முடித்த குழி ஒவ்வொன்றுக்கும் இரண்டு அடி கூட்டிவிடுவதுதான் தண்டனை. நான் வாயைத் திறந்தால் என் கணக்கில் நான்கு அடி ஏறும். அந்த இடத்தில் நான்கு அடி என்றால் கழுத்தில் கத்தி.

நான் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. லாட்ஜில் சோப்பு எடுத்து வருபவன்தான். ஆனால் இந்த ஆட்டத்தில் அவனவன் தப்பை அவனவன்தான் சொல்ல வேண்டும், பிறத்தியான் கண்காணிக்க மாட்டான். என்னைப் போல் பை தூக்கிப் பிழைத்து ஆட வந்தவன் என்றால், கூட ஆடுகிறவனுக்கு இவன் பந்தைக் காலால் தள்ளுவான் என்ற நினைப்பு முதலிலேயே இருக்கும். அந்த நினைப்பை ஒவ்வொரு மைதானமாகத் துடைத்துத் துடைத்துத்தான் பதினெட்டு வருடம் கழித்தேன். என் சம்பாத்தியம் என்று பார்த்தால் அது ஒன்றுதான். புதருக்குள் சொருகினால் அதுவும் சேர்ந்துதான் போகும்.

பிரசாத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஐயோ அங்கிள்" என்றான். நடுவர் வந்தார், நான்கு அடி போட்டார், ஆகாத மட்டையைத் தலைகீழாகப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்பா கொடுத்ததைத் தலைகீழாகச் சொருகிக்கொண்டு மிச்சக் குழிகளை ஆடினேன். அவ்வளவு கவனமாக என் வாழ்நாளில் ஆடியதில்லை. பார்க்கத்தான் ஆளில்லை. இரண்டு அடியில் இடம் போனது.

அக்காவுக்குப் போன் போட்டுப் போச்சு என்று மட்டும் சொன்னேன். மறுநாள் மத்தியானம் திருவண்ணாமலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிரே பத்தடி உயரத்துக்கு நான் நிற்கிறேன். தலையில் கிரீடம், பின்னால் மலை. 'கோல்ஃப் சிங்கமே வருக!' மாமா ஊர் திரும்பிய கையோடு அடித்துக் கட்டியது. கழற்ற இன்னும் ஆள் வரவில்லை. ஓர் ஆட்டோக்காரர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

வீட்டில் மாமா என் தோளைத் தட்டினார். "மனச வுடாத மச்சான். அண்ணாமலையார்கிட்ட வெச்சி எடுத்துனு வந்த ஸ்டிக்கு பையில இருந்துச்சி. அதனாலதான் இந்த அளவுக்காச்சும் வந்த. இல்லன்னா இன்னும் கீழ போயிருப்ப."

வழி நெடுக, சொல்லவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவன் நான். அந்தக் கடைசி வார்த்தையில் உடைந்துவிட்டேன். பதினான்கு மட்டை, பதினைந்தாவது மட்டை, நான்கு அடி, இரண்டு அடி, எல்லாவற்றையும் கொட்டினேன். "நீங்க அத வெக்காம இருந்திருந்தா நான் உள்ள இருந்திருப்பேன் மாமா" என்றேன்.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"கூட ஆடின பையன் பாத்தானா?" என்றார்.

"இல்ல மாமா."

"நடுவரு?"

"இல்ல."

"கேமரா எதுனா?"

"அதெல்லாம் கிடையாது."

"அப்ப யாரு சொன்னது?"

"நான்தான்."

மாமாவின் முகம் சிவந்தது. "நீயே போய் சொல்லிக் கெடுத்துக்குவ, பழி மட்டும் எனக்கா? உனக்கோசரம் வரிசைல நின்னு சாமி கும்புட்டது தப்பா? நல்லாருக்குது மச்சான்." சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். சாப்பிட வரவில்லை. ராத்திரி வந்தும் சாப்பிடவில்லை.

காலையில் அக்கா டீ எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். அக்கா ஒருத்திக்காவது நான் செய்தது விளங்கும் என்று இருந்தேன். அப்பாவோடு அதே மைதானத்து ஓரக் குடிசையில் வளர்ந்தவள்.

"ஏன்டா, வாய மூடிக்கினு ஆடிட்டு வந்திருக்கலாமில்ல? உன்ன யாரு கேட்டாங்க?" என்றாள்.

"அப்பா இருந்திருந்தா என்னக்கா சொல்லியிருப்பாரு?"

"வெளக்கமாத்தாலயே அடிச்சிருப்பாரு."

நான் டீயைக் குடித்தேன். சூடாக இருந்ததால் கண்ணில் தண்ணீர் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய். அக்காவின் வார்த்தைதான் என்னைக் கொன்றது. மாமா வைத்த மட்டை அந்த வேலையைச் செய்யவில்லை.

"அவரு நேத்துலேந்து சாப்பிடலடா. சுகர் மாத்திரையும் போடல. போய் ஒரு வார்த்தை சொல்லு. எனக்கோசரம்."

இறங்கிப் போனேன். மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சாமி அறையில் கட்டை மட்டை பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது. நான் குளிக்கும்போது என் பையிலிருந்து அவரே எடுத்திருக்க வேண்டும். புதுக் குங்குமமும் வைத்தாகிவிட்டது.

"தப்புதான் மாமா" என்றேன். "மன்னிச்சிடுங்க."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தவர் போல மாமாவின் முகம் தெளிந்தது. நல்ல மனிதர், மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். அக்கா அவசரமாக இரண்டு தட்டு கொண்டுவந்து வைத்தாள்.

"வுடு மச்சான். நீ இன்னா பண்ணுவ, உனக்கு சாமர்த்தியம் கம்மி" என்றார் இட்லியைப் பிட்டுக்கொண்டே. "அடுத்த வருஷம் நானே கூட வரேன். யாருனா எதுனா கேட்டா, நான் பேசிக்கறேன்."

நான் அக்காவைப் பார்த்தேன். அடுத்த வருடம் என்று ஒன்று எனக்குக் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். அவள் மாமாவின் தட்டில் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சரின்னு சொல்லுடா" என்றாள்.

"சரி மாமா" என்றேன்.