வக்கீலின் இடது கை

மூன்று நாள் பள்ளிச் சுற்றுலாவுக்குக் கிளம்புகிற அவசரத்திலும் மகள் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள். மகள் என்றால் மனைவியின் முதல் கல்யாணத்து மகள். பதினொரு வயது. அவர் இந்த வீட்டுக்குள் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை அவரை அவள் எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. "நீங்க" என்று ஆரம்பித்து "நீங்க" என்றே முடித்துவிடுவாள். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கிற மரியாதை.

அப்படிப்பட்டவள் தன் கும்பிடுபூச்சியை அவர் பொறுப்பில் விட்டுப் போகிறாள் என்றால் சும்மாவா? அவளுக்கு வேறு வழியும் இல்லை என்பது வேறு விஷயம். அம்மாக்காரி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க ஊரார் ரத்தத்தோடு புழங்குகிறவள்தான். ஆனால் பூச்சி என்றால் கட்டில் மேல் ஏறி நின்றுகொள்வாள்.

பூச்சிக்குப் பெயர் வக்கீல். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, முன்னங்கைகளைக் கூப்பிக்கொண்டு, எதிரில் இருப்பவர் சொல்லும் எதையும் நம்பாத பார்வை பார்க்கும். உயரமான கண்ணாடிப் பெட்டியில் வாசம், மேலே வலை மூடி.

"காலையில ஒரு தடவை தண்ணி தெளிங்க. ரெண்டு நாளா சாப்பிடலை, தோல் உரிக்கப் போகுது. அதனால இரை எதுவும் போடாதீங்க. வலையைப் பிடிச்சுத் தலைகீழாத் தொங்கும், தொடாதீங்க. சும்மா விட்டாப் போதும்."

"அவ்வளவுதானே," என்றார் அவர்.

உலகத்தில் அவரால் முடியாத ஒரே வேலை அதுதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். காதோரம் உறுத்துகிறது என்று ஒருவர் வந்தால், காதோரத்தைச் சரிசெய்துவிட்டு, கேட்காமலே திருகாணியை முடுக்கி, துடைத்து, மூக்கில் உட்காரும் இடத்தையும் சரிபார்த்துத்தான் அனுப்புவார். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர்.

முதல் நாள் எப்படியோ ஒப்பேற்றினார். இரண்டாம் நாள் காலையில் வக்கீல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. இன்றோடு நாலு நாள் பட்டினி என்று விரல் விட்டு எண்ணினார். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்? பசித்தால் தின்னட்டும், இல்லையென்றால் கிடக்கட்டும் என்று இரை டப்பாவிலிருந்து இரண்டு சிள்வண்டுகளைப் பெட்டிக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போனார்.

சாயங்காலம் வந்து பார்த்தால் வலையில் வெறும் தோல்தான் தொங்கியது. வக்கீல் பெட்டியின் தரையில் கிடந்தது. உரித்து முடிப்பதற்குள் வண்டுகள் மேலே ஏறி அதைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். விழுந்த வாக்கிலேயே, புதுத்தோல் காயாத அந்தப் பச்சை உடம்பு இறுகிப்போய், இடது முன்னங்கை முறுக்கிக்கொண்டிருந்தது. இரை பிடிக்கிற கை. ஒரு சிள்வண்டு பக்கத்திலேயே மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது. அவர் இரண்டு வண்டுகளையும் பிடித்து டப்பாவில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மனைவி கதவோரம் நின்றே எட்டிப் பார்த்தாள்.

"உயிர் இருக்கா?"

"இருக்கு. கைதான் போச்சு. அவ படிச்சுப் படிச்சுச் சொன்னா."

"வாங்கின கடையிலேயே இன்னொண்ணு வாங்கி வெச்சிடுங்க. எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு. இப்பத்தான் உங்களை நம்பி ஒண்ணைக் குடுத்திருக்கா. அதைக் கெடுத்துக்காதீங்க."

கடைசியாகச் சொன்னது சரியான இடத்தில் தைத்தது. மறுநாள் கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, மீனும் பறவையும் விற்கிற அந்தக் கடைக்குப் போனார். கடைக்காரர், நேற்றுத்தான் தோல் உரித்தது என்று இலைப்பச்சையில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தோல் உரித்த பூச்சி எப்படியும் கொஞ்சம் வளர்ந்து, ஆள் மாறித்தான் தெரியும். பொய் சொல்ல இதைவிட வசதி வேண்டுமா? புதியதைப் பெரிய பெட்டிக்குள் விட்டார். பழையதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. ஒரு ஜாடியில் வைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டித் தன் அலமாரிக்குள் ஒளித்தார்.

அன்று சாயங்காலம் மகள் வந்தாள். முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் நேராகப் பெட்டியிடம் போனாள். முகம் மலர்ந்துவிட்டது.

"உரிச்சிருச்சு. ஒரு கால்கூடக் கோணலை." திரும்பி அவரைப் பார்த்தாள். "நீங்க ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டீங்க."

இரண்டு வருடமாக அவர் ஏங்கிக் கிடந்த வார்த்தை. சமையலறை வாசலில் மனைவி கண்ணைக் காட்டினாள். வாயை மூடிக்கொண்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் வேறு யாருக்கோ வந்த பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது போல இருந்தது அவருக்கு.

"அது வக்கீல் இல்லம்மா," என்றார்.

அலமாரியைத் திறந்து ஜாடியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "இதுதான். நீ சொன்னதைக் கேக்காம இரை போட்டேன். விழுந்துடுச்சு. உன்னை ஏமாத்திடலாம்னு இன்னொண்ணு வாங்கினேன்."

அவள் ஜாடியைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை. ஜாடியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நல்ல காரியம் பண்ணீங்க," என்று மனைவி கிசுகிசுத்தாள். "அவளும் பேசப்போறதில்ல, வீட்டுல பூச்சியும் ரெண்டாச்சு."

எல்லாம் போயிற்று என்றுதான் அவரும் நினைத்தார்.

அரைமணி நேரம் கழித்துக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. "உள்ள வாங்க. நீங்க மட்டும்."

அவள் கண்கள் சிவந்திருந்தன. ஜாடி திறந்து கிடந்தது. இடுக்கியில் இரைத் துண்டு ஒன்றைப் பிடித்து வக்கீலின் வாயருகே நீட்டிக்கொண்டிருந்தாள். அது வலது கையால் மட்டும் துண்டைப் பற்றி மெல்லத் தொடங்கியது.

"குடுத்தா சாப்பிடுது. இன்னும் ஒரு தடவை தோல் உரிக்கும். அப்போ கை கொஞ்சம் நேராகலாம். ஆகாமலும் போகலாம்."

"அதுவரைக்கும் தினமும் நான் ஊட்டறேன்."

அவள் பூச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு முன்னாடி ஒண்ணு வெச்சிருந்தேன்ல."

போன வருடம் செத்துப்போனது. பூந்தொட்டியில் குழி தோண்டியது அவர்தான். "ஆமா. வயசாகிப் போயிடுச்சுன்னு சொன்னே."

"வயசாகல. பசிக்குமேன்னு நான்தான் உரிக்கறப்போ இரை போட்டேன். காலையில பாத்தா வண்டு பாதியைத் தின்னுருந்துச்சு." இடுக்கியைத் தாழ்த்தினாள். "யார்கிட்டயும் சொன்னதில்ல."

ஒரு வருடமாக இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். அவர் கட்டிலோரமாகத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மாகிட்டச் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

அவள் இடுக்கியை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.