புதையல் நீங்கலாக

வீட்டைப் பார்க்க யார் வந்தாலும் அத்தா ஒரே இடத்தில்தான் நிற்பார். பின்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்கு அருகே, ஒரு சிமெண்ட் பலகையின் மேல். கூடத்தில் கூடவே நடந்து மின்விசிறியைப் போட்டுக் காட்டுகிறவர், பின்கதவு திறந்ததும் எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடிப்போய் அந்தப் பலகையில் ஏறிக்கொள்வார். பலகையின் நடுவில் ஒரு விரிசல். விரிசலுக்குக் கீழே பழைய செப்டிக் டேங்க். தெருவுக்குக் கழிவுநீர்க் குழாய் வந்த காலத்திலேயே அதைத் தூர்த்திருக்க வேண்டும். தூர்க்கவில்லை. எங்கள் சமையலறைத் தண்ணீர் இன்னும் அதற்குத்தான் விசுவாசமாக இருந்தது.

"மறைக்கலடா ஜைத், நிக்கிறேன்" என்பார் என்னிடம். "என் வீட்டுல நான் எங்க வேணா நிக்கலாம்."

கோபாலபுரத்து வீட்டை விற்பது அம்மாவுக்காக. படுக்கையறை மாடியில், அடுப்படி கீழே. அம்மாவின் முழங்கால்கள் மாடிப்படியோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு வெகு காலமாகிறது. ஆதம்பாக்கத்தில் லிஃப்ட் வைத்த ஃப்ளாட் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தோம். பார்க்கப் போன அன்று அம்மா ஒரு வேலையும் இல்லாமல் லிஃப்டில் மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தார். மாதக் கடைசிக்குள் எங்கள் வீடு கைமாறாவிட்டால் அந்த ஃப்ளாட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அதன் சொந்தக்காரர் சொல்லியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் புரோக்கர் அன்வர் பாஷா, இசக்கிமுத்து அண்ணாச்சியை அழைத்து வந்தார். திருநெல்வேலிக்காரர், தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். சுவர், கதவு, ஜன்னல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் விரலால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். அவருக்கு வீடு பிடித்துவிட்டது. இரண்டாம் தடவை அவர் வந்தபோது மழை. அத்தா குடையைப் பிடித்துக்கொண்டு பலகை மேல் நின்றார்.

"உள்ள வாங்க பாய், நனையுதீயளே."

"பரவால்ல அண்ணாச்சி. இங்க காத்து நல்லா வருது."

அண்ணாச்சி அத்தாவின் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடியும் காலைப் பார்த்தார்.

மயிலாப்பூரில் வக்கீல் வைதேகி மேடத்தின் அலுவலகத்தில் கிரையப் பத்திரத்தின் வரைவைப் படித்துக் காட்டினார்கள். "மேற்படி சொத்தில் அடங்கிய நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் உள்பட…" என்று மேடம் மூச்சு விடாமல் போய்க்கொண்டிருந்தபோது அத்தா பள்ளிக்கூடத்துப் பையனைப் போலக் கையைத் தூக்கினார்.

"மேடம், நிதின்னா?"

"புதையல் சார். நிட்சேபம்னா யாராவது பத்திரமா வச்சுட்டுப் போனது. பழைய பத்திரங்கள்லேர்ந்து வழிவழியா வர்ற வரி. நிஜமாவே ஏதாவது கிடைச்சா கலெக்டர்கிட்டச் சொல்லணும், அது வேற சட்டம். இந்த வரியை யாரும் படிக்கறதே இல்ல."

"அதை எடுத்துடுங்க. இல்லாததை நான் எப்படி விக்கிறது? நாளைக்கு வந்து புதையல் எங்கனு கேட்டா?"

இல்லாத புதையலைப் பற்றி இவ்வளவு நேர்மையாக இருந்த மனிதர், இருக்கிற டேங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அண்ணாச்சி நாற்காலியில் நிமிர்ந்தார். "அந்த வரியை எடுக்கப்படாது."

"இல்லவே இல்லையே அண்ணாச்சி!"

"இல்லாததை எடுக்கதுக்கு ஏன் பாய் இவ்வளவு அவசரம்?"

அன்வர் பாஷா தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னா பாய் இது, இல்லாத புதையலுக்குப் பங்காளிச் சண்டை போட்டுக்கினு கீறீங்க. வரி கீதுன்னா இருந்துட்டுப் போவட்டும் நைனா, அதுக்கு சோறா போடப் போற?"

வரி இருந்துவிட்டுப் போகட்டும் என்று அத்தா மனமில்லாமல் தலையாட்டினார். மேடம் அடுத்த வரிக்குப் போனார். சொத்தில் தனக்குத் தெரிந்து மறைவான குறை எதுவும் இல்லை என்று விற்பவர் உறுதி சொல்கிறார்.

"இதை மட்டும் யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்கோ" என்றார் மேடம். "வில்லங்கச் சான்றுல அடமானம், பழைய கிரையம் இதெல்லாம்தான் தெரியும். ஓதம், ஒழுகல், தரை இறங்கறது இதெல்லாம் நீங்கதான் வாயைத் திறந்து சொல்லணும். தெரிஞ்சே மறைச்சா பின்னால அவர் கோர்ட்டுக்குப் போகலாம்."

அத்தா தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். நாளைக்கு வந்து போடுவதாகச் சொல்லி எழுந்துவிட்டார்.

வீட்டில் அம்மா மாடிப்படியின் பாதியில் உட்கார்ந்திருந்தார். ஏறும்போது அங்கே ஒரு ஓய்வு, இறங்கும்போது இன்னொன்று. நடந்ததைக் கேட்டுவிட்டு, "டேங்கைப் பத்திச் சொல்லிடுங்க" என்றார்.

"சொன்னா அந்த ஆளு ஓடிடுவாரு கமர். அப்புறம் லிஃப்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

அம்மா தனக்கு மேலே மிச்சம் இருந்த படிகளை அண்ணாந்து பார்த்தார். "போனாப் போகட்டும். பொய்க் கையெழுத்துல வாங்கின லிஃப்டு நடுவுல நின்னுடும், நான் உள்ள மாட்டிக்குவேன். நாளைக்கு அவரைக் கூப்பிட்டு மூடியைத் தொறந்து காட்டுங்க."

மறுநாள் அத்தா வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் முன்னிலையில் அந்தப் பலகையை விட்டு இறங்கினார். "அண்ணாச்சி, இதுக்குக் கீழ பழைய செப்டிக் டேங்க் இருக்கு. பலகையில விரிசல். மழையில பொங்கும். நான் சொல்லாம விட்டது தப்பு. வேணும்னா விலையில கொஞ்சம் குறைச்சுக்கிறேன்."

அண்ணாச்சி சிரிக்க ஆரம்பித்தார். "டேங்கு! குறைக்கவும் செய்வீயளோ? குறைச்சிட்டு, அந்தப் புதையல் வரியை எடுங்கன்னு சொல்லுவீய. ஒரு பைசா குறைக்க வேண்டாம் பாய்."

நானும் அத்தாவும் கடப்பாரையால் பலகையை நெம்பினோம். நாற்றம் முதலில் எங்களை விசாரித்துவிட்டுத் தெருவுக்குப் போனது. "பாய், நான் வாசல்ல கீறேன்" என்றது அன்வர் பாஷாவின் குரல். ஆள் அதற்கு முன்பே வாசலில் இருந்தார். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. அண்ணாச்சி மட்டும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து, கோயில் குளத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அடேயப்பா, என்னா பாதுகாப்பு! பேங்க் லாக்கர்லகூட ஒருத்தன் கை வச்சிருவான். இதுல எவன் வைப்பான்?"

"அண்ணாச்சி, அது டேங்க். வெறும் டேங்க்."

"சரி பாய். டேங்குதான்." கண்ணடித்தார்.

சமையலறை ஜன்னலிலிருந்து அம்மா கெஞ்சினார். "அண்ணே, சத்தியமா அதுல ஒண்ணுமே இல்ல. பாத்திரம் கழுவுற தண்ணிதான். நீங்கதான் காசு செலவழிச்சுச் சரி பண்ணணும்."

"தங்கச்சி, பாய் சொல்லிக் கொடுத்ததைப் பிசகாமச் சொல்லுதீய."

வைதேகி மேடம் பத்திரத்தை மாற்றி எழுதினார். விரிசல் கண்ட பழைய கழிவுநீர்த் தொட்டி பின்புறம் உள்ளது, மழையில் பொங்கும், வாங்குபவர் திறந்து பார்த்து, முகர்ந்து, அறிந்து ஏற்கிறார். முகர்ந்து என்ற சொல் அம்மா பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்னது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த வரியைப் படித்த அதிகாரி கண்ணாடியை இறக்கிவிட்டு, "இது தெரிஞ்சுதான் வாங்குறீங்களா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சதுனாலதான் வாங்குதேன்" என்று அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். சட்டம் எதிர்பார்க்கிற உண்மை அத்தனையையும் சொல்லிவிட்ட அத்தாவின் முகத்தில், ஏமாற்றிவிட்டவரின் குற்ற உணர்வு அப்பட்டமாகத் தெரிந்தது.

ஆதம்பாக்கத்துக்குக் குடிவந்த சில நாட்களில் அண்ணாச்சியிடமிருந்து ஃபோன். அத்தா ஸ்பீக்கரில் போட்டார்.

"பாய், லாரி வச்சு மொத்தத்தையும் உறிஞ்சியாச்சு. சமையக்கட்டுக் குழாயை மாத்தி, சுவரெல்லாம் கழுவி, உள்ள லைட்டு போட்டுப் பாத்தாச்சு. அடியில சிமெண்ட் தளம் போட்டிருக்கு. அதுக்கும் கீழயா?"

"அதுக்குக் கீழ மண்ணுதான் அண்ணாச்சி."

"நீங்க இப்படித்தான் சொல்லுவீயன்னு தெரியும். ரொம்ப நன்றி பாய்." வைத்துவிட்டார்.

அத்தா ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா லிஃப்ட் பட்டனை அழுத்தினார். கீழே போக வேண்டிய வேலை எதுவும் அவருக்கு இல்லை.

"அந்த டேங்கைச் சுத்தம் பண்ணுங்கனு எத்தனை வருஷமா உங்ககிட்டக் கத்தினேன்" என்றார். "புதையல் இருக்குனு சொல்லியிருக்கணும்."