அண்ணி பாட்டு

தனசேகர் ஊர் திரும்புகிற அன்று காலையில் மஞ்சுளாவுக்கு ஒன்றில் மட்டும் சந்தேகமே இல்லை. இந்த முறை வந்தால் அவன் திரும்பிப் போக மாட்டான். போக வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். வாயால் அல்ல, ஒரு பாட்டால்.

அவன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். ஆயுத பூஜை முடிந்ததும் சத்தீஸ்கர் பக்கம் போனால் அங்கே மழை பிடித்த பிறகுதான் வண்டி ஊருக்கு வரும். திருச்செங்கோட்டைச் சுற்றிப் பாதி வீடுகளில் இப்படித்தான். யாரும் இதைப் பிரிவு என்று சொல்வதில்லை, சீசன் என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு எதிராக என்ன சொல்லி அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மகள் யுவஸ்ரீ நாமக்கல்லில் விடுதிப் பள்ளிக்குப் போன பிறகு வீட்டில் பேசுவதற்கும் ஆள் இல்லை. சில நாட்களில் சாயங்காலம் பால்காரரிடம் பேசும்போதுதான் அன்றைக்குத் தன் குரலை முதலில் கேட்பாள்.

போனில் யுவஸ்ரீயின் பரீட்சை, மோட்டார் ரிப்பேர், அவன் தம்பி வீட்டுப் பேச்சு எல்லாம் வரும். ‘நீங்கள் வந்துவிடுங்கள்’ என்பது மட்டும் வராது. பக்கத்து வீட்டுப் பெண்கள் சொல்லாததை அவள் மட்டும் எப்படிச் சொல்வாள்?

மார்கழியில் அந்தப் பாட்டைக் கேட்டாள். ‘மறுபடி ஒரு மாலை.’ சினிமாப் பாட்டு இல்லை. ஒரு பெண்ணின் குரல், கூடவே ஒற்றை வயலின். இரண்டாம் சரணத்தில் அந்தப் பெண் தன் கணவனிடம் சொல்கிறாள்: சம்பாதித்தது போதும், உன் காலடிச் சத்தம் எனக்கு மறந்துபோவதற்குள் வந்து இங்கேயே இரு. அரிசி களைந்துகொண்டிருந்த மஞ்சுளா தண்ணீரில் கையை வைத்தபடியே நின்றுவிட்டாள். தன்னிடமிருந்து யாரோ அதைத் திருடிப் பாடியதுபோல் இருந்தது.

அன்றைக்கு அவன் கூப்பிட்டபோது சொன்னாள். “ஏனுங்க, ‘மறுபடி ஒரு மாலை’ன்னு ஒரு பாட்டு இருக்குதுங்க. அதக் கேளுங்க. வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

“காட்டுக்குள்ள பாட்டுக்கு எங்க போறது அம்மணி? சரி, கௌதமன் டீசலுக்கு டவுனுக்குப் போறப்ப எறக்கிட்டு வரச் சொல்றேன்.”

தனசேகரிடம் இருந்தது பட்டன் போன். ஒரு வாரம் கழித்துப் பேசினான்.

“கேட்டேன் அம்மணி. புரிஞ்சுது.”

“என்னங்க புரிஞ்சுது?”

“எல்லாந்தான். நேர்ல பேசிக்கலாம். பசங்க இப்ப தெனமும் சாயங்காலம் தொளை போடற ராடு மாத்தறப்ப அதத்தான் போட்டுக்கறானுங்க.”

அதன்பிறகு விளக்கு வைக்கும் நேரம் அவளுக்குத் தனிமையாக இல்லை. பாட்டைப் போட்டுவிட்டு சமையலறை வாசற்படியில் உட்காருவாள். அங்கே அவனும் இதே வரியில் இருப்பான் என்று நினைத்துக்கொள்வாள். சரணம் முடிகிற இடத்தில் அவன் தலையை அசைப்பது அவளுக்குத் தெரியும். பக்கத்தில் கொஞ்சம் இடம்கூட விட்டு உட்காரப் பழகியிருந்தாள்.

வண்டி ஊர் வரும் அன்று வீட்டில் இருப்பவர்கள் வண்டி நிற்கும் பட்டறைக்குப் போய் எதிர்கொள்வது வழக்கம். சங்ககிரி ரோட்டுப் பட்டறையில் செம்மண் அப்பிய ரிக் வண்டி நின்றிருந்தது. கற்பூரத் தட்டோடு அவள் நுழைந்ததும், பின்னால் வந்த சாமான் லாரியின் டிரைவர் கௌதமன் கத்தினான்.

“அண்ணி வந்தாச்சு! டேய், போடுங்கடா அண்ணி பாட்ட!”

லாரி ஸ்பீக்கரில் மேளம் அதிர்ந்தது. விசில். நாலைந்து ஆண் குரல்கள் சேர்ந்து, ‘போய் வா மச்சான், ஊரெல்லாம் பார்த்து வா’ என்றன. ‘நான் சிரிச்சிருப்பேன், சிரிச்சிருப்பேன்’ என்று ஒரு பெண் குரல் பதில் சொன்னது. பையன்கள் தட்டைச் சுற்றி ஆட ஆரம்பித்தார்கள்.

“இது என்ன பாட்டு கௌதமா?”

“என்னங்கண்ணி, நீங்க சொன்ன பாட்டேதானுங்க! பேரப் போட்டுத் தேடுனா ஆல்பமே வந்துச்சு. ஆல்பத்துக்கும் அதே பேரு, மொதப் பாட்டுக்கும் அதே பேரு. மொத்தமா எறக்கிட்டேன். அண்ணன் வேற பாட்டே போட உடலீங்க, காது போச்சு எங்களுக்கு!”

அவன் போனை நீட்டிக் காட்டினான். படத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட இளைஞர்கள் பைக்கில் உட்கார்ந்திருந்தார்கள். மேலே அதே மூன்று சொற்கள். எல்லோரும் தன்னையே பார்ப்பது தெரிந்து அவள் சிரித்தாள்.

“வெக்கத்தப் பாருங்கடா!” என்றான் ஒருவன். வண்டிக்கு அந்தப் பக்கமிருந்து தனசேகர் இறங்கி வந்தான். இளைத்திருந்தான். அவனும் சிரித்தான்.

மத்தியானம் சோறு போட்டாள். அவன் குனிந்து சாப்பிட்டபடியே பேசினான்.

“ஓனரு ஆப்பிரிக்காவுக்கு ஒரு ரிக்கு அனுப்பறாரு. மூணு வருசம். நீ என்ன சொல்லுவியோன்னு பதில் சொல்லாமயே இருந்தேன். அப்பத்தான் நீ அந்தப் பாட்டச் சொன்ன. போய்ட்டு வா, நான் சிரிச்சுட்டு இருப்பேன்னு. எத்தன பொண்டாட்டிக்கு அந்த மனசு வரும்? அன்னிக்கே சரின்னுட்டேன்.”

மஞ்சுளா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். கோபம் வரவில்லை. ஒரு சாவுச் செய்தி கேட்டதுபோலத்தான் இருந்தது. விளக்கு வைக்கும் நேரமெல்லாம் வாசற்படியில் அவள் பக்கத்தில், அவள் நினைப்பில் இருந்தவன் ஒருவன் உண்டு. அவனுக்கு எல்லாம் புரிந்திருந்தது. அவன் எந்தக் காட்டிலும் இருந்ததில்லை. இந்தச் சமையலறையில் மட்டும் இருந்தான், அவள் ஒருத்திக்காக. இப்போது செத்தும் போனான். அவனுக்காக அழுதால் எதிரில் சாப்பிடுகிறவனிடம் என்ன காரணம் சொல்வது?

“அது நான் சொன்ன பாட்டு இல்லீங்க.”

“அப்பறம்?”

“அதே பேர்ல வேற ஒண்ணு இருக்குது. பொம்பள பாடறது.”

“அட, அந்தக் கிறுக்கன் மாத்தி எறக்கிட்டானா?” என்று சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். “சரி, போடு. கேக்கறேன்.”

போனை எடுத்தாள். பாட்டு அவள் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. போட்டால் மறுபடியும் அந்தப் பெண்தான் கேட்பாள், அழகான குரலில், வயலினோடு. அவனும் நல்லாருக்குது என்பான். ஒருவேளை புரிந்தது என்றும் சொல்வான். அவன் சொல்வதை வைத்து அவள் இன்னொரு தனசேகரை உண்டாக்கிக்கொண்டு அவனோடு இன்னும் பல மாலைகள் உட்கார்ந்திருக்கலாம்.

போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“பாட்டு வேண்டாங்க. நீங்க போக வேண்டாம். ஆப்பிரிக்காவுக்கு மட்டுமில்ல, ஆயுத பூஜ முடிஞ்சும் போக வேண்டாம். என்னால இந்த ஊட்டுல தனியா இருக்க முடியலீங்க.”

கடைசிச் சொல் சரியாக வரவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான். பட்டறையில் பார்த்த சிரிப்பு அவன் முகத்தில் இல்லை.

“பாஸ்போர்ட்டக் குடுத்துட்டனே அம்மணி.”

“வாங்கிட்டு வாங்க.”

“ஓனருகிட்ட என்னன்னு சொல்றது?”

“ஊட்டுல வேண்டாங்கறாங்கன்னு சொல்லுங்க.”

பிசைந்த சோறு அவன் விரல்களில் காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்டால் இந்த அமைதி கலைந்துவிடும், பேச்சும் வேறு பக்கம் போய்விடும். அவனும் அதற்காகக் காத்திருப்பதுபோல் தட்டைப் பார்த்தான். மஞ்சுளா கேட்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.